மேப்பிள் மரத்தில் ஒரு துளை

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மாண்டிலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, குழாய் செருகி, இனிப்புப் பாகு காய்ச்சுவதற்காகச் சாறு இறக்குவார்கள். இரவில் உறைபனி, பகலில் இளவெயில் என்று மாறிமாறி வந்தால்தான் சாறு ஓடும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகு காய்ச்சச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். இவ்வளவு எடுத்தால் மரம் நலிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். செழிப்பான மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். என் கவலையெல்லாம் துளையைப் பற்றித்தான்.

நம் உடம்பில் காயம் பட்டால் புதுச் சதை வளர்ந்து ஆறுகிறது. மரத்தின் காயம் ஆறுவதே இல்லை. பூஞ்சை பரவாமலிருக்க, துளையைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தடுப்பு எழுப்பி, அந்தப் பகுதியை மரம் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். ஓரிரு ஆண்டுகளில் வெளியே துளை மூடிக்கொள்ளும். உள்ளேயோ, அதற்கு மேலும் கீழும் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கீற்று செத்துப்போய் நிற்கும். துளையைவிட அது பல மடங்கு பெரிது. அதில் இனி ஒரு சொட்டுக்கூட ஓடாது.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பழைய வடுவுக்கு நேர் மேலோ கீழோ இல்லாமல், பக்கவாட்டில் தள்ளித் துளையிட வேண்டும். கருவியோடு வெளிவரும் சீவலைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெளிர் நிறமாக, ஈரமாக இருந்தால் உயிருள்ள மரம். பழுப்பாக வந்தால் பழைய காயத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அந்த ஆண்டு அந்த மரத்தை விட்டுவிடுங்கள் என்பேன். இன்னொரு துளை போடுவது பேராசை.

நெஞ்சுயரத்தில் 12 அங்குலக் குறுக்களவாவது இல்லாத மரத்தைத் தொடவே கூடாது. ஆழம் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். முன்பு 11 மில்லிமீட்டர் துளை போட்டார்கள். இப்போது 8 மில்லிமீட்டரே போதும் என்றாகிவிட்டது. துளை சிறுத்தால் விரைவில் மூடும். குழாயை மெல்லத் தட்டிச் செருகுங்கள். தட்டும் ஓசை கனத்ததும் நிறுத்திவிடுங்கள். ஓங்கி அடித்தால், அதிலும் மரம் உறைந்திருக்கும்போது அடித்தால், நெடுக்காக வெடிப்பு விடும்.

ஒரு காலத்தில், சாறு நிற்காமல் வரட்டும் என்று துளைக்குள் பாராஃபார்மால்டிஹைடு என்ற கிருமிக்கொல்லி மாத்திரை போட்டார்கள். சாறு கூடுதலாக வந்தது உண்மைதான். ஆனால் மரம் தடுப்பு எழுப்பும் ஆற்றலையே அது கெடுத்தது. அழுகல் உள்ளே பரவியது. சில வாரச் சாற்றுக்காக நூறாண்டு மரத்தை அழுகவிடுவது கொடுமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதைத் தடை செய்தது மிகச் சரி.

மொட்டுகள் பருக்கத் தொடங்கினால் சாறு சுவை கெடும். அப்போதே குழாய்களைக் கழற்றிவிடுங்கள். துளையில் மெழுகோ மரக்கட்டையோ வைத்து அடைக்க வேண்டாம்; திறந்தபடி விட்டால் மரமே மூடிக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.