கர்ப்ப காலத்தில் மசாஜ் செய்யலாமா? ஏழாவது மாதச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இடுப்பு வலி பற்றிப் பேசிய வீடியோவுக்குக் கீழே நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எனக்கு ஏழாவது மாதம், முதல் குழந்தை. முதுகும் இடுப்பும் தாங்க முடியாத வலி. சாயங்காலம் ஆனால் கால் வீங்குகிறது. ரெண்டு மூணு நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுவாராம், கூப்பிடட்டுமா என்று அத்தை கேட்கிறார். பார்லரில் மசாஜ் எடுத்துக்கொள் என்கிறார் கணவர். எது பாதுகாப்பு டாக்டர்?"

அம்மா, அந்த அம்மாவா பார்லரா என்பதை அப்புறம் பார்ப்போம். கேள்விக்கு நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, இடது கெண்டைக்கால் மட்டும் ரெண்டு மூணு நாளாக வலிக்கிறது என்று, அதை ஒரு டாக்டர் பார்க்கும்வரை யாரும் அந்தக் காலில் கை வைக்கக் கூடாது. நீங்களும் அமுக்கிப் பார்க்காதீர்கள். முடிந்தால் இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று சொல்கிறேன். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாது என்பதற்காக, கர்ப்பம் தரித்ததிலிருந்தே ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறிவிடும். உடம்பு செய்துகொள்கிற முன்னேற்பாடுதான் அது. ஆனால் இன்னொரு பக்கம், வளரும் கர்ப்பப்பை இடுப்பில் உள்ள சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மெதுவாகத்தான் மேலே ஏறும். இரண்டும் சேரும்போது காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைய வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது பெரும்பாலும் இடது காலில்தான் வரும். இடது காலின் சிரை இடுப்புக்குள் வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கு அடியில் நுழைந்து வருகிறது, அதனால் அங்கே கூடுதல் அழுத்தம். அந்தக் கட்டி இருக்கும்போது கெண்டைக்காலை அழுத்தி உருவினால், அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். உயிருக்கே ஆபத்து.

உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. ராத்திரி தூக்கத்தில் சுரீரென்று இழுத்து, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் அது சாதாரண குரக்கு வலி. விடாமல் வலிப்பது, ஒரு கால் மட்டும் தடித்திருப்பது, தொட்டால் சூடு, தோல் சிவப்பது என்று இருந்தால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அது வெறும் ஒலி அலை, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கட்டி இருந்தாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி இருக்கிறது, அது நஞ்சைத் (பிளசென்டாவை) தாண்டிக் குழந்தைக்குப் போகாது. இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது வீக்கம். இரண்டு காலும் சாயங்காலம் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் பயமில்லை. முகம் உப்புவது, மோதிரம் கழற்ற முடியாமல் போவது, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, இதில் ஏதாவது சேர்ந்தால் பிரஷர் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டுவிட்டால் மசாஜ் பேச்சே வேண்டாம். "நீவி விட்டால் வடிந்துவிடும்" என்று நாளைக் கடத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, கால் பரிசோதனையில் ஒன்றுமில்லை, பிரஷரும் நார்மல் என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதுகுக்கும் இடுப்புக்கும் மசாஜ் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். வலி குறையும், தூக்கமும் வரும். எப்படிப் படுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். குப்புறப் படுக்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். மல்லாந்து படுத்தும் செய்யாதீர்கள். 20 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை அழுத்தும். பிரஷர் இறங்கித் தலை சுற்றும், வியர்க்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் சின்னதாக ஒன்று. இல்லையென்றால் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகு சாயும் பலகையில் தலையணை வைத்து முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். உங்கள் கணவரே செய்துவிடலாம், பார்லர் பணம் மிச்சம். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல், அதன் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் கீழிருந்து மேலே. பிட்டத்துச் சதையில் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கலாம். பதினைந்து, இருபது நிமிடம் போதும். சொடக்கு மட்டும் எடுக்க விடாதீர்கள். இந்தச் சமயத்தில் ஹார்மோன் மூட்டுத் தசைநார்களைத் தளர்த்தியிருக்கும்.

பாதத்தை மென்மையாகத் தடவி விடலாம், கட்டை விரலால் தோண்டக் கூடாது. நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். கணுக்காலுக்கு மேல் ஒரு புள்ளியை அமுக்கினால் பிரசவ வலி வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்குபிரஷரால் வலி வருமா என்று ஆய்வுகள் செய்து பார்த்தார்கள், வலியைத் தொடங்கி வைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஒரு முன்னெச்சரிக்கைக்காக அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஆனால் தெரியாமல் அமுக்கிவிட்டோமே என்று ராத்திரி முழுக்க அழ வேண்டாம்.

எண்ணெய் தேங்காயெண்ணெய் போதும், நல்லெண்ணெயும் சரி. கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கற்பூரம் கலந்த தைலத்தை முதுகு முழுக்கத் தேய்க்காதீர்கள். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போகும், நஞ்சையும் தாண்டும். வலி ஜெல்லிலும் கவனம். "மாத்திரைதானே கூடாது, ஜெல்தானே" என்பார்கள். டைக்ளோஃபினாக் போன்றவை 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தையும், அப்புறம் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடிய மருந்துகள். டாக்டர் சொல்லாமல் தேய்க்க வேண்டாம். பார்லருக்குப் போவதென்றால் பேக்கேஜில் ஸ்டீம் சேர்த்திருப்பார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிறு தொங்குவதற்கு ஓட்டை விட்ட கட்டில் சில இடங்களில் உண்டு. அதுவும் வேண்டாம், வயிற்றைத் தாங்கும் நார்கள் இழுபடும்.

முதல் மூன்று மாதத்தில் செய்யலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தீர்கள். மென்மையான மசாஜால் கரு கலைந்ததாகச் சான்று இல்லை. ஆரம்பத்தில் கலைவது பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால்தான். ஆனாலும் அப்போது வாந்தியும் மயக்கமும் இருக்கும், கொஞ்சம் பொறுத்தால் நல்லது. அந்தச் சமயத்தில் ஸ்டீம் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குழந்தையின் மூளை, தண்டுவடம் உருவாவதில் கோளாறு வர வாய்ப்பு கூடும்.

இப்போது அந்தப் பக்கத்துத் தெரு அம்மா. அவருக்கு அனுபவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தோளையும் முதுகையும் பிடித்து விடச் சொல்லுங்கள். வயிற்றை உருவ மட்டும் விடாதீர்கள். வயிற்றில் எண்ணெய் தடவுவது வேறு, குழந்தையின் தலையைத் திருப்புகிறேன் என்று அழுத்தித் தள்ளுவது வேறு. அப்படித் தள்ளும்போது நஞ்சு பிய்ந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டலாம், கொடி சிக்கலாம். அதற்கு ஏழாவது மாதத்தில் அவசரமும் இல்லை. 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை தலை மேலாகத்தான் இருக்கும். மாதம் நிறையும்போது 100-க்கு மூன்று, நான்கு குழந்தைகள்தான் அப்படியே இருக்கும், மற்றவை தானாகவே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் 36, 37 வாரத்தில் ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் திருப்பிப் பார்ப்பார். ஸ்கேன் பார்த்துக்கொண்டு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, ஏதாவது ஆனால் உடனே சிசேரியன் செய்யத் தயாராக இருந்துதான் செய்வோம். எல்லா ஏற்பாடும் இருந்தும் பாதிப் பேருக்குத்தான் திரும்பும்.

நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னவர்கள், ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ உள்ளவர்கள், ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்தவர்கள், குறைப் பிரசவ பயத்தில் பெட் ரெஸ்டில் இருப்பவர்கள், நீங்களாக எதுவும் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரசவத்துக்கு அப்புறமும் அந்த அம்மா எண்ணெயோடு வருவார், அது நம் ஊர் வழக்கம். வரட்டும். ரத்தம் உறையும் ஆபத்து குறைந்தது ஆறு வாரத்துக்காவது இருக்கும் என்பதால் ஒரு கால் மட்டும் வலித்தாலோ வீங்கினாலோ அப்போதும் முதலில் டாக்டர், பிறகுதான் எண்ணெய். சிசேரியன் என்றால் தையல் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை வயிற்றில் கை வைக்க விடாதீர்கள்.

அடுத்த கேள்வி தைராய்டு மாத்திரை பற்றியது. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.