பீச் காத்துக்கு பெட்ரோல் காசு வேணுமா?

நடுவர் அவர்களே, உங்களுக்கும் சாப்பாட்டு நேரத்துலயும் எந்திரிக்காம உக்காந்திருக்கிற சபைக்கும் வணக்கம். தலைப்பு, நிறைவு தருவது சேர்க்கும் செல்வமா, சின்னச் சின்ன சந்தோஷமா. நான் சந்தோஷ அணி.

முதல்லயே சொல்லிடுறேன், காசு வேணாம்னு சொல்ல நான் சாமியார் இல்லங்க, மாசம் 25ஆம் தேதி ஆனா என் பர்ஸும் காத்து வாங்கும். எதிரணி அண்ணன் ‘பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை’ன்னு குறள் சொல்லி கைதட்டல் வாங்கிட்டு போனாரு. அண்ணே, அது அந்த குறளோட பின்பாதி, முன்பாதி ‘அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை’, அது இருக்குற அதிகாரமே அருளுடைமை! பாதி பில்ல காட்டி முழு காசு கேக்குறீங்களே.

அப்புறம் ஒண்ணு கேட்டாரு, மெரினா காத்து ஃப்ரீதான், அங்க போக பெட்ரோல் யாரு போடுவான்னு. பெட்ரோல் பிரச்சனையே இல்லண்ணே, 5 மணிக்கு ஆபீஸ்ல இருந்து விடணுமே! அந்த சாயங்காலம் சும்மா வரல. எட்டு மணி நேர வேலைக்காக தொழிலாளிங்க போராடுனதுதான் மே தினம், இந்தியாவுல அத முதல்முதலா 1923ல தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடுனது இதே சென்னை கடற்கரையிலதான், திருவல்லிக்கேணி பக்கம் ஒரு கூட்டம், ஹைகோர்ட்டுக்கு எதிர்ல ஒரு கூட்டம். சரியா நூறு வருஷம் கழிச்சு 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற சட்டத்திருத்தம் நம்ம சட்டசபையிலயே நிறைவேறுச்சு, எதிர்ப்பு கிளம்பவும் மே 1 அன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சாரு. கொஞ்சம் அசந்திருந்தா பீச்சுக்கு ராத்திரிதான் போயிருப்போம், சுண்டல்காரரும் கிளம்பிருப்பாரு.

அதே வருஷம் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னாரு. 2025 ஜனவரியில எல் அண்ட் டி கம்பெனி தலைவர் வாரம் 90 மணி நேர வேலைய பத்தி பேசுனது வெளிய வந்துச்சு, வீட்டுல உக்காந்து எவ்ளோ நேரம் பொண்டாட்டி மூஞ்சியவே பாப்பீங்கங்கிற மாதிரி கேட்டாரு. (முன் வரிசையில ரெண்டு பேரு தலையாட்டுறீங்க, வீட்டம்மா பக்கத்துல இருக்காங்க, பாத்து.) சரி, கணக்கு போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம், வேலைக்கு 90, தினம் ஏழு மணி நேரம் தூக்கம்னா 49, மிச்சம் 29. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் சொச்சம். அதுலதான் குளிக்கணும், சாப்பிடணும், தாம்பரத்துல இருந்து சிறுசேரி போய் வரணும். புள்ளைய எங்கங்க வைக்கிறது?

இவ்ளோ ஓடி என்ன வாங்குறோம், வீடு. 50 லட்சம் லோன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசம் 43 ஆயிரம் சொச்சம் ஈஎம்ஐ, மொத்தமா கட்டி முடிக்கிறது ஒரு கோடிய தாண்டுது, வாங்குன கடன விட வட்டி அதிகம். தப்பில்ல, சொந்த வீடு வேணும், நானும் கட்டுறேன். ஆனா கிழக்கு பாத்த பால்கனி வேணும்னு எக்ஸ்ட்ரா காசு குடுத்தோம் பாருங்க, அந்த பால்கனிய பகல்ல அனுபவிக்கிறது யாருங்க? புறா! லோன் நம்ம பேருல, வெயில் காயிறது அது, நாம ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு அது எச்சத்த கழுவிட்டு, அப்புறம் காசு குடுத்து வலை வேற அடிக்கிறோம்.

45 வயசுல ரிட்டையர் ஆகி அனுபவிப்பேன்னு எதிரணி தங்கச்சி சொன்னாங்க. நல்ல பிளான்தான்மா, ஆனா இன்னைக்கு உன் தோள்ல ஏறி தேர் பாக்கணும்னு அடம்புடிக்கிற பொண்ணு அன்னைக்கு காலேஜ்ல இருக்கும், ஃபோன் பண்ணா எடுக்காது.

நடுவர் ஐயா, மணிய தொட்டுட்டீங்க, நிறுத்திக்கிறேன். அடுத்து வர்ற எதிரணிக்காரர் அந்த 29 மணி நேரத்துல புள்ளைக்கு எடம் எங்கன்னு மட்டும் சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.