ஆவாரம்பூ போதும், பட்டையைக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவுக்குச் செடிகளின் படம் எடுத்துக் கொடுப்பது பற்றிப் பேச அழைத்தார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தோல். பிரியாணியை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தோல் தொழிலுக்குப் பின்னால் ஒரு செடி இருந்தது. குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம் பக்கத்து டேனரிகளில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. புதரை வெட்டி, கிளையை உரித்து, பட்டையைக் காயவைத்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலுக்குள் ஏறி அதை அழுகவிடாமல் காக்கும். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அந்தக் கடுக்காய் நம் ஜவ்வாது மலையில் விளைகிற சரக்கு. பின்னாளில் வாட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோம் வந்தது. டேனரிக் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இணையத்தில் ஆவாரை என்று படம் தேடிப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள் வந்து குவியும். நல்ல படங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்துக்கே சோறு போட்ட அந்தப் பட்டை எங்கே? உரித்த கிளை எப்படி இருக்கும்? காய் முற்றினால் என்ன நிறம்? இலைக்காம்பின் அடியில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி அகன்ற இலையடிச் செதில் இருக்குமே, அது எந்தப் படத்தில் தெரிகிறது? மஞ்சள் பூப் பூக்கும் கொன்றை வகைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆவாரையைப் பிரித்துக் காட்டுவது அந்தச் செதில்தான். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால், படம் அழகாக இருக்கும், ஆவாரைதானா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றும். கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது அடையாளம் காட்டும் படம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது, இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. படங்களுக்கென்று தனியாக ஒரு கிடங்கு உண்டு. அதன் பெயர் விக்கிமீடியா பொதுவகம், 2004இல் தொடங்கியது. அங்கே ஒரு தடவை படத்தை ஏற்றிவிட்டால், தமிழ்க் கட்டுரையிலும் வரலாம், தெலுங்கிலும் வரலாம், போர்த்துக்கீசியத்திலும் வரலாம். ஒரு கணக்கு தொடங்க வேண்டும், சொந்தப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் போதும். ஆண்ட்ராய்டு போனில் செயலியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை.

படம் எடுப்பதற்கு வருவோம். கேமரா வாங்கச் சொல்லமாட்டேன், கையில் இருக்கிற போன் போதும். ஆனால் நம் ஊர் வெயில் இருக்கிறதே, அது படத்துக்குப் பகை. காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் கொட்டுகிறது, இலையெல்லாம் வெளுத்துப் பளபளக்கும், நிழல் கறுத்துப் போகும். விடிந்ததும் எடுங்கள், இல்லையென்றால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். அதுவும் இல்லையென்றால் கூட வருகிறவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். தும்பை மாதிரி வெள்ளைப் பூவை எடுக்கும்போது, திரையில் பூவின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூ இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். பின்னால் குப்பையும் வேலிக்கம்பியும் குழப்பினால், கறுப்புத் துணி ஒன்றைச் செடிக்குப் பின்னால் பிடியுங்கள். காற்று அடித்தால் காத்திருங்கள், வேறு வழி கிடையாது.

ஒரே செடியைப் பல படங்களாக எடுக்க வேண்டும். முதலில் முழுச் செடி, அது நிற்கிற இடத்தோடு. பிறகு தண்டு, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்பது. பூவை நேராக மட்டும் எடுக்காமல் பக்கவாட்டிலும் எடுங்கள், பூவின் அடியில் இருக்கும் புல்லிவட்டம் அப்போதுதான் தெரியும். காய், விதை. அளவு தெரிய ஓரமாக ஒரு ஸ்கேல்.

அடிப்பக்கம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீழாநெல்லியை நினைத்துப் பாருங்கள். அதை மேலிருந்து எடுத்தால் என்ன தெரியும்? வரிசையாகப் பச்சை இலை தெரியும், அவ்வளவுதான். பூவும் காயும் இலைகளுக்குக் கீழே அல்லவா தொங்குகின்றன! கிளையைத் திருப்பிப் பிடித்து எடுத்தால்தான் காய் வழவழப்பா, சொரசொரப்பா, காம்பு உண்டா இல்லையா என்று பார்த்து, அந்தக் குடும்பத்தில் எது என்று பிரிக்க முடியும். நம் பக்கம் கீழாநெல்லி என்று பறிக்கிற செடிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று தாவரவியலாளர்கள் பிறகு சொன்னார்கள். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கீரைக் கட்டுகளைப் படம் எடுத்தபோது கீரைக்கார அம்மா கேட்டார்: "இன்னா டீச்சர், கீரையப் போயி போட்டோ புடிக்கிற? ஊர்ல வேற ஒண்ணும் இல்லியா?" வாங்கிய கட்டை அவிழ்த்து, இலை இலையாகப் பிரித்துப் பாயில் பரப்பி நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு, வேரோடு இருக்கிற கட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்ததும் அவர்தான்.

கீரை என்றதும் பெயர்ச் சிக்கல் வந்துவிடுகிறது. கரிசலாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் வரப்பில், கால்வாய் ஓரத்தில் வெள்ளைப் பூப் பூப்பது எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு செடி, ஒடுங்கி நீண்ட இலை. இதற்கு நடுவே, பங்களா வாசலிலும் சாலை நடுவிலும் அழகுக்காக நட்டிருக்கிற ஒரு படர்செடி உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்துச் சரக்கு, அகன்ற இலை, மூன்று பிளவாக இருக்கும், பூ அதே மஞ்சள். அதைப் பிடுங்கி மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படர்செடியின் படத்தை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பெயர் போட்டுப் பொதுவகத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? கட்டுரையில் சேரும், அங்கிருந்து யூடியூபுக்குப் போகும், அதைப் பார்த்து ஒருவர் பறித்துக் குழந்தைக்குக் கொடுப்பார். படம் போடுவது இந்த இடத்தில் விளையாட்டாக இருக்க முடியாது.

பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது? தெரியாது என்றே போடுங்கள். அடையாளம் காணாத தாவரங்கள் என்று பொதுவகத்தில் ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற தாவரவியல்காரர் பார்த்துப் பெயர் சொல்லுவார். அதற்குத்தான் இடமும் தேதியும் வேண்டும். "குடியாத்தம் வட்டம், ஏரிக்கரை, கார்த்திகை மழைக்குப் பின்" என்று நீங்கள் எழுதுகிற ஒரு வரி அவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. அவை சொல்வதைத் துப்பு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேம்பிள் என்ற தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதியைப் புரட்டுங்கள். 1915இல் வெளிவரத் தொடங்கிய நூல், வட ஆர்க்காட்டுச் செடிகளும் அதில் உண்டு. அறிவியல் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலாறு முழுக்க நிற்கிற சீமைக்கருவேலத்தைப் புரோசோபிஸ் என்றுதான் நாம் படித்தோம், இப்போது நெல்டுமா என்கிறார்கள். பழைய பெயரில் போட்டாலும் குற்றமில்லை, தெரிந்தவர்கள் புதுப் பெயருக்கு நகர்த்திவிடுவார்கள். செடி தவறாக இருந்தால்தான் ஆபத்து.

நம் மண்ணுக்கும் செடிகளைப் பதிவு செய்கிற வேலைக்கும் பழைய உறவு உண்டு. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தவர் கோனிக் என்கிற மருத்துவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். சில ஆண்டுகளில் அங்கிருந்து விலகி, ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். நவாபின் சம்பளத்தில் செடி தேடினார், காய வைத்தார், ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரிடம் கற்றுக்கொண்ட ராக்ஸ்பர்க், கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றிப் பெரிய பெரிய வண்ணப்படங்களோடு 1795 முதல் நூல் வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் பெயர் அதில் இல்லை. அடுத்த தலைமுறையில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் கொஞ்சம் பரவாயில்லை. ரங்கையா, கோவிந்து என்ற தம் ஓவியர்கள் இருவரின் பெயரையும் அச்சிட்டார், கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொதுவகத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்தப் பெயர் ஒன்றுதான். பணம் கிடையாது. படத்தை ஏற்றும்போது ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், பெரும்பாலோர் எடுப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. யார் வேண்டுமானாலும் உங்கள் படத்தைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

"நான் வெயிலில் நின்று எடுத்த படத்தை மூலிகைக் கம்பெனிக்காரன் டப்பாவில் ஒட்டிச் சம்பாதிப்பானா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், சம்பாதிக்கலாம். அது பொறுக்காது என்றால் ஏற்ற வேண்டாம், அதில் தப்பே இல்லை. வியாபாரத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் பொதுவகம் வாங்காது. என் கணக்கு வேறு. அதே படத்தைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டலாம், சின்னப் பதிப்பகம் பாடநூலில் போடலாம். கம்பெனிக்காரனை நிறுத்துவதற்காக இவர்களையும் நிறுத்துவதா?

எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்கள் ஊட்டிக்குப் பஸ் ஏற வேண்டாம். வேலூர்க் கோட்டை அகழியின் ஓரம், பாலாற்று மணல், ரயில் தண்டவாளப் பக்கம், சாணிக்குப்பை மேடு, எல்லாம் இருக்கின்றன. குப்பைமேனி, மூக்கிரட்டை, நெருஞ்சி, வேலிப்பருத்தி. மழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் இவை பூத்துக் கிடக்கும். ரோஜாவையும் செம்பருத்தியையும் உலகமே எடுக்கிறது. நம்மால் மட்டும் எடுக்க முடிகிறவை சில உண்டு. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் காயைத் தட்டில் வைத்து எடுத்தால் போதாது. தண்டிலும் இலை நரம்பிலும் காய்க்காம்பிலும் இருக்கிற முள்ளை, செடியில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பயிர்ச்செடி, இன்ன ரகம் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அது தெரிந்த சட்டம். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது போனில் இருக்கிற இருப்பிடப் பதிவு. இடத்தை எழுதுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், அதற்கு விலக்கு இது. ஜவ்வாது மலையில் சந்தன மரம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், சித்தூர் எல்லையில் செம்மரத்தின் கதையும் தெரியும். நீங்கள் எடுக்கிற படத்துக்குள் அந்த மரம் எங்கே நிற்கிறது என்பது சில மீட்டர் துல்லியத்தில் ஒளிந்திருக்கும். பொதுவகத்தில் போட்டால் அதை யாரும் படிக்கலாம். சந்தனம், செம்மரம், அரிய ஆர்க்கிட் இவற்றை எடுக்கப் போகும்போது கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். குறிப்பில் ஜவ்வாது மலை என்று மட்டும் எழுதினால் போதும், ஊரும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவிட்ட படம் என்றால், ஏற்றுவதற்கு முன் அந்தத் தகவலைப் போனிலேயே அழித்துவிடலாம். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படத்துக்கும் அதையே செய்யுங்கள், உங்கள் வீடு எங்கே என்று உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் வந்த படம், கூகுளில் கிடைத்த படம், மூலிகைப் புத்தகத்தில் இருந்து போனில் எடுத்த படம், இவை எதையும் ஏற்றாதீர்கள். வேறு ஒருவருடைய உழைப்பு அது, கண்டுபிடித்து நீக்கிவிடுவார்கள். மாமா எடுத்த படம் அருமையாக இருக்கிறது என்றால் மாமாவையே கணக்கு தொடங்கச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.