ஓர் அடிக்கு எத்தனை பிரேம்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், நாற்காலி வேண்டாம் என்று முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கார்ட்டூன் ஏன் அலுப்பதில்லை என்று பேசச் சொன்னார்கள். எல்லாக் கார்ட்டூனையும் தொட்டுப் பேசினால் எதையும் சொன்னதாக இருக்காது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டாம் அண்ட் ஜெர்ரி. அதிலும் 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்கள் மட்டும். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இருவர் இயக்கியவை. டி.வி.க்காக எடுத்தவை அல்ல. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக எடுத்தவை. ஒவ்வொன்றும் ஏழு நிமிடத்துக்குப் பக்கம். முதல் படத்தில் பூனையின் பெயர் டாம்கூட இல்லை, ஜாஸ்பர். ஏழு ஆஸ்கர் வாங்கிய வரிசை இது.

பேச்சு ஏறக்குறைய இல்லை. கதை என்று பார்த்தால் பூனை துரத்தும், எலி தப்பிக்கும். 114 படத்திலும் அதேதான். முடிவும் தெரியும். இருந்தும் எண்பது ஆண்டு கழித்து, ஆங்கிலம் ஒரு சொல் தெரியாத பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். ஒரே இடத்தில் என்பதைக் கவனியுங்கள். சிரிப்பு எந்த நொடியில் வரவேண்டும் என்பதைப் படம் வரைவதற்கு முன்பே தாளில் எண்ணி எழுதிவிட்டார்கள். இன்று நான் பேச வந்தது அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான்.

தமிழில் 'அடி' என்ற சொல் இந்தத் தொழிலுக்கென்றே வாய்த்தது போல இருக்கிறது. தலையில் விழும் அடி, நடக்கிற காலடி, பிலிமை அளக்கும் அடி. மூன்றுக்கும் இங்கே கணக்கு உண்டு. 35 எம்.எம். பிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ஒரு நொடிக்கு ஓடுவது 24 பிரேம். அப்படியென்றால் ஏழு நிமிடத்துக்கு 10,080 பிரேம், 630 அடி. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு பிரேம் நிறுத்திப் படம்பிடித்தால், ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைவதற்கு ஐயாயிரம் ஓவியம் வேண்டும். இரண்டு பாத்திரமும் ஓடினால் இரண்டு மடங்கு.

காலடிக்கு வருவோம். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 பிரேம், அதாவது நொடிக்கு இரண்டு அடி. சாவகாசமாக உலாத்தினால் 16. கார்ட்டூன் பாத்திரம் விறுவிறுவென்று நடந்தால் 8. ஓடினால் 6. தலைதெறிக்க ஓடினால் 4. எலியின் கால் சின்னது என்பதால் அதே வேகத்தில் போக அது அதிக அடி வைக்கவேண்டும். டாம் ஓர் அடி வைக்கும் நேரத்தில் ஜெர்ரி இரண்டு வைத்தால் துரத்தலுக்குள்ளேயே ஒரு தாளம் பிறக்கிறது. கண் அதைக் கவனிப்பதில்லை, உடம்பு கவனிக்கிறது.

வேலை பிரித்துக்கொண்ட விதமும் இதற்குத் தோதாக அமைந்தது. கேலியை யோசித்து, கதையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்டோரிபோர்டை வேகவேகமாக வரைவது பார்பரா. அதை வாங்கி எந்த அசைவுக்கு எத்தனை பிரேம் என்று முடிவுசெய்வது ஹன்னா. ஹன்னாவுக்கு இசை தெரியும். ஆகவே அவர் நேரத்தை நொடியில் யோசிக்கவில்லை, தாளத்தில் யோசித்தார். 12 பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. 8 பிரேமுக்கு ஒன்று என்றால் 180. இந்தக் கணக்கு எக்ஸ்போஷர் ஷீட் என்ற நீளத் தாளில் ஏறும். அதில் ஒரு வரி ஒரு பிரேம். பக்கவாட்டில் கட்டங்கள்: ஒன்றில் பூனை, ஒன்றில் எலி, ஒன்றில் கதவோ தட்டோ, ஓரத்தில் கேமராவுக்கான குறிப்பு. இசையமைத்த ஸ்காட் பிராட்லிக்கும் இந்தக் கணக்குதான் ஆதாரம். பூனை படியில் உருண்டால் எந்தப் படி எந்தப் பிரேமில் வருகிறது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம் வைத்துவிடுவார். 1944இல் வந்த ஒரு படத்தில், எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைக்காமல் பன்னிரண்டுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையையே பயன்படுத்தினார். கச்சேரி மேடையில் கேட்டால் எழுந்து போகிறவர்கள்கூட, பூனையும் எலியும் அதற்கு ஆடும்போது முகம் சுளிப்பதில்லை.

இப்போது தலையில் விழும் அடி. ஒரே ஒரு அடியை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். ஜெர்ரி கையில் ஒரு வறுவல் சட்டி. எதிரே டாமின் முகம். ஒரு அனிமேட்டர் போடும் கணக்கு இப்படி இருக்கும்.

ஜெர்ரி சட்டியைப் பின்னுக்கு ஓங்க 8 பிரேம். ஓங்கிய நிலையில் 4 பிரேம் நிற்கவேண்டும். இந்த நிறுத்தத்தில்தான் பார்ப்பவருக்கு 'ஐயோ, வரப்போகிறது' என்று தோன்றுகிறது. இதை வெட்டிவிட்டால் அடி விழுந்தது தெரியும், யார் அடித்தார்கள் என்பது தெரியாது. 12 ஆக நீட்டினால் சிரிப்பு முன்கூட்டியே தீர்ந்துபோகும். அடுத்து வீச்சு, வெறும் 2 பிரேம். அதில் சட்டியைச் சட்டியாக வரைய மாட்டார்கள். உலர்ந்த தூரிகையால் இழுத்த நாலு கோடுதான் இருக்கும். அதற்கு அடுத்த பிரேமில் முகம் ஏற்கெனவே சப்பையாகிவிட்டிருக்கும். சட்டி முகத்தைத் தொடும் அந்தக் கணத்தை வரையவே மாட்டார்கள். வரைந்தால் அடி மெத்தென்று விழும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது: தொடும் படத்தை ஆசையாக வரைந்து வைத்துவிட்டு, ஏன் வலிக்கவே மாட்டேன் என்கிறது என்று குழம்புவார்கள்.

பிறகு அதிர்வு. இரண்டு ஓவியங்களை மாற்றி மாற்றி ஒரு 12 பிரேம். அதன்பின் சட்டி விலகுகிறது. டாமின் முகம் சட்டியின் வடிவத்திலேயே 16 பிரேம் அசையாமல் நிற்கிறது. கண் ஒரு தரம் இமைக்கிறது. எல்லாம் சேர்த்தால் இரண்டு நொடிகூட இல்லை. ஆனால் பெருஞ்சிரிப்பு சட்டி விழும்போது வராது, அந்த இமைப்பில்தான் வரும்.

ஓசையை எங்கே வைப்பது? படத்தோடு சரியாக, அல்லது ஒன்றிரண்டு பிரேம் பின்னால். முன்னால் வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகிய காது, இடிக்குப் பிறகு மின்னலை ஏற்காது. டாம் அலறும் அந்தப் பிரபலமான அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். பதிவுசெய்துவிட்டு, அலறலின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி எறிந்து, உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மனிதன் அலறும்போது குரல் ஏறி இறங்கும். டாம் அலறுவது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. திடீரென்று இருக்கிறது, திடீரென்று இல்லை. சட்டி தொடும் படத்தை வரையாமல் விட்டதும், அலறலை இப்படி வெட்டியதும் ஒரே வேலைதான்.

சப்பையாகும் முகத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. உயரம் குறைந்தால் அகலம் கூடவேண்டும். மொத்தப் பருமன் மாறக்கூடாது. உயரத்தை மட்டும் குறைத்தால் முகம் நசுங்கியதாகத் தெரியாது, சிறுத்துவிட்டதாகத் தெரியும். டாம் எத்தனை வடிவம் எடுத்தாலும் அவன் டாமாகவே நமக்குத் தெரிவதற்கு இந்தப் பருமன்தான் காரணம்.

வரைந்த தாள் நேராகக் கேமராவுக்குப் போகாது. கண்ணாடி போன்ற செல் தாளின் முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். காய்ந்ததும் பின்னணி ஓவியத்தின் மேல் அடுக்கிக் கண்ணாடியால் அழுத்திப் படம்பிடிப்பார்கள். செல் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கொஞ்சம் ஒளியைக் குடித்துவிடும். மேலே மூன்று செல் இருந்தால் அடியில் உள்ள எலியின் நிறம் மங்கும். காட்சியின் நடுவே ஒரு செல்லை எடுத்துவிட்டால் எலி பளிச்சென்று நிறம் மாறும். அதனால் வேலை முடிந்த அடுக்கில் வெறும் செல்லை வைத்து எண்ணிக்கையைக் கடைசிவரை காப்பாற்றுவார்கள். தாள்கள் நகராமல் பிடிக்க அடியில் துளைகள், அவற்றுக்குப் பொருந்தும் ஆணிகள். துளை தளர்ந்தால் என்ன ஆகும்? 12 அங்குல அகலப் படம் 20 அடித் திரையில் இருபது மடங்கு பெரிதாகிறது. மேஜையில் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் திரையில் இரண்டு சென்டிமீட்டர் ஆடும். வீடே நடுங்குவது போல இருக்கும்.

இந்தப் படங்களில் காலத்தைத் தாண்டாத பகுதியும் இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் கறுப்பினப் பெண்ணை வரைந்த விதம் அன்றைய அமெரிக்காவின் நிறவெறிக் கேலிச்சித்திரம். நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் கால்கள் மட்டும். குரல் லிலியன் ராண்டால்ஃப் என்ற நல்ல நடிகையுடையது. 1960களில் டி.வி.க்காகச் சில படங்களில் அந்தப் பாத்திரத்தை மாற்றி வரைந்து, குரலையும் மாற்றினார்கள். இந்தப் படங்களை எவ்வளவு நேசித்தாலும் இதைப் பிள்ளைகளிடம் சொல்லித்தான் காட்டவேண்டும் என்பது என் கருத்து.

கணக்குதான் உயிர் என்பதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பின்னர் 1961, 62இல் பிராக் நகரில் ஜீன் டைச் தலைமையில் 13 புதிய டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் எடுக்கப்பட்டன. அதே பூனை, அதே எலி. ஆனால் அந்தக் குழு பழைய படங்களில் மிகச் சிலவற்றையே பார்த்திருந்தது; பணமும் குறைவு. பார்த்தால் உங்களுக்கே தெரியும். சட்டி விழுகிறது, சிரிப்பு வருவதில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், ஓடவேண்டிய இடத்தில் இழுத்துக்கொண்டு போகிறது.

ஹன்னாவும் பார்பராவும் டி.வி.க்குப் போனார்கள். அங்கே வாரத்துக்கு வாரம் படம் வேண்டும். முழு உடம்பையும் வரைய முடியாது. தலையை மட்டும், வாயை மட்டும் அசைத்தார்கள். அவர்கள் டி.வி.க்காக உருவாக்கிய யோகி கரடி சட்டை போடாமல் காலரும் டையும் மட்டும் ஏன் கட்டியிருக்கிறது என்று யோசித்ததுண்டா? கழுத்துக்குக் கீழே ஒரே செல்லை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றும்போது ஒட்டுப்போட்ட கோடு தெரியக்கூடாது. அதை மறைக்கத்தான் காலர். ஜப்பானில் 1963இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ பாய் தொடரில் ஓர் ஓவியத்தை மூன்று பிரேம் நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியத்திலேயே ஒப்பேற்றினார்கள். இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. அசைவு குறைந்த இடத்தைக் குரலும் வசனமும் கதையும் நிரப்பின. ஆனால் அது வேறு கலை.

இனி நீங்கள் செய்து பார்க்க ஒன்று. மெல்லிய வெள்ளைத்தாள் ஆறு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் பஞ்ச் மெஷினால் இரண்டு துளை. அதே இடைவெளியில் அட்டையில் ஒட்டிய இரண்டு குச்சியில் மாட்டுங்கள். பந்து விழுவதை வரையப்போகிறோம். தொடங்கும் புள்ளியிலிருந்து தரை 18 சென்டிமீட்டர், நேரம் அரை நொடி, நொடிக்கு 12 படம் என்றால் ஆறு படம். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடலாம். சராசரியாகப் பிரித்து மூன்று மூன்று சென்டிமீட்டராக இறக்கினால் பந்து விழாது, யாரோ நூல் கட்டி இறக்குவது போலிருக்கும். 1, 3, 5, 7, 9, 11 என்ற ஒற்றைப்படை வரிசையில் பிரியுங்கள். கூட்டினால் 36 பங்கு. 18 சென்டிமீட்டரில் ஒரு பங்கு அரை சென்டிமீட்டர். ஆக முதல் படத்தில் 0.5 இறங்கும், பிறகு 1.5, 2.5, 3.5, 4.5, கடைசியில் 5.5. ஒவ்வொரு தாளையும் போனில் படம்பிடித்து, நொடிக்கு 12 பிரேம் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விழும். தரையில் படும் படத்தில் வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக நசுக்குங்கள், ரப்பர் பந்தாகிவிடும். நசுக்காமல் விட்டால் இரும்புக் குண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புது டி.வி.களில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். மோஷன் ஸ்மூத்திங் என்றோ வேறு பெயரிலோ பட அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு ஓவியங்களுக்கு நடுவே இல்லாத ஓவியத்தை அது தானே நுழைக்கும். சட்டி தொடும் அந்தக் கணத்தை, ஹன்னா வேண்டுமென்றே விட்ட அந்தப் படத்தை, இயந்திரம் வரைந்து வைத்துவிடும். கார்ட்டூன் ஓடும்போது தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் யூடியூப் பார்ப்பவர்கள், நிறுத்திவைத்துப் புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக முன்னால் போகும். கமா விசை பின்னால் கொண்டுவரும். ஓர் அடியை அப்படித் தட்டித் தட்டிப் பாருங்கள்.

இப்போது 1947இல் வெளிவந்த தி கேட் கன்செர்ட்டோ படத்தைத் திரையிடப்போகிறோம். டாம் மேடைக்கு வந்து பியானோவில் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடியை வாசிக்கிறான். பியானோவுக்குள்ளே சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்குகிறது. இரண்டை மட்டும் பாருங்கள்: வாசிக்கத் தொடங்குவதற்கு முன் டாம் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறான் என்பது ஒன்று, ஜெர்ரி விழித்தபின் அவனுடைய விரல்களும் முகமும் எப்படி வெவ்வேறு தாளத்தில் போகின்றன என்பது இன்னொன்று. பின்வரிசையில் யாராவது விளக்கை அணையுங்கள்.