செவ்வாய்க்கிழமை ராத்திரி வரிசை

நடுவர் அவர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்!

பெட்ரோல் விலை நம்மை வாட்டுவது அயல்நாட்டுப் போராலா, உள்நாட்டு ஆட்சியாலா? உள்நாட்டு ஆட்சியால்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா, "உக்ரைனில் குண்டு விழுந்தால் இங்கே விலை ஏறுகிறது, பாவம் நம் அரசு என்ன செய்யும்?" என்று கேட்டார். பாதி உண்மை அக்கா, மறுக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. அந்த ஜூலையில் ஜொகன்னஸ்பர்க்கில் 95 ரக பெட்ரோல் லிட்டருக்கு 26 ராண்டு 74 சென்ட். உலகச் சந்தையும் டாலரும் நம் பிடியில் இல்லை.

ஆனால் அந்த விலைக்குள் என்ன இருந்தது? சலுகையைக் கழிக்கும் முன் லிட்டருக்குப் பொது எரிபொருள் வரி 3 ராண்டு 85 சென்ட், சாலை விபத்து நிதிக்கான வரி 2 ராண்டு 18 சென்ட். கூட்டினால் 6 ராண்டைத் தாண்டியது. ரஷ்யாவின் முதல் டாங்கி நகரும் முன்பே இந்த இரண்டும் நம் தலையில் இருந்தன!

அதே ஆண்டு ஏப்ரலில், போர் மும்முரமாக நடக்கும்போதே, அரசு பொது வரியில் ஒன்றரை ராண்டைக் குறைத்தது. சேமிப்பில் இருந்த கச்சா எண்ணெயை விற்று ஈடுகட்டுவதாகச் சொன்னது. ஜூலையில் சலுகை 75 சென்ட் ஆனது, ஆகஸ்டில் அதுவும் போனது. போர் நிற்கவில்லையே! கொடுத்த கையும் இங்கே, எடுத்த கையும் இங்கே.

ஐ.நா. பொதுச்சபையில் மார்ச் 2 அன்று 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தன. ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் நாமும் ஒன்று. அது சரியா தவறா என்று இங்கே வீட்டுக்கு வீடு வாக்குவாதம். வேண்டிய விவாதம்தான். ஆனால் லிட்டருக்கு லிட்டர் நாம் கட்டியும் அந்த விபத்து நிதி ஏன் ஆண்டுக்கணக்காய்க் கடனில் தத்தளிக்கிறது என்று அதே வேகத்தோடு யார் கேட்டோம்?

மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும். ஏறப்போகிறது என்றால் முந்தின ராத்திரியே நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி பெட்ரோல் கராஜ்களில் வரிசை நிற்கும். காய்கறி வண்டியோட்டும் என் அண்ணனும் அதில் நிற்பார். அந்த ஜூலையில் புது விலை வந்த பிறகு அவர் நீட்டிய 100 ராண்டுக்கு நாலு லிட்டர்கூட விழவில்லை. சலுகையைக் கழித்த பிறகும் அதில் ஏறக்குறைய 20 ராண்டு இந்த இரண்டு வரிக்கே போனது. எதிரணியினரே, அந்த 20 ராண்டு எந்தப் போர்க்களத்துக்குப் போனது, சொல்லுங்கள்!