பறவைமலை அடிவாரத்து மருந்துச்செடி

வணக்கம் நேயர்களே. வடதுருவத்துப் பக்கம் இயற்கை வழிகாட்டியாக வேலை செய்பவள் என்பதால் இன்று பேச அழைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டால் எல்லோரும் முதலில் பனிக்கரடியைத்தான் கேட்பார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் மனதில் வைத்துக்கொண்டு வந்தது ஒரு செடியை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் அது.

நோர்வேயின் வடகரைக்கும் வடதுருவத்துக்கும் நடுவில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் முக்கிய ஊர் லோங்யேர்பியன், 78 பாகை வடக்கில். அந்த ஊரில்தான் ஆர்க்டிக் இயற்கை வழிகாட்டிப் படிப்பைப் படித்தேன். ஒரு வருடம். என் அப்பா 80களில் இலங்கையிலிருந்து வந்து நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே வந்த தமிழர்கள் பலருக்கு அதுதான் முதல் வேலை. அதனால் இருட்டும் உறைபனியும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பாறைச் சரிவுகளும் பனியாறுகளும்தான் எனக்குப் புதிது.

படிப்பில் பாதி உயிரோடு திரும்பி வருவதற்கான பயிற்சி. பனியாற்றுப் பிளவில் விழுந்தவரைக் கயிற்றில் தூக்குவது, பனியைக் குழி தோண்டி அடுக்கடுக்காகப் பார்த்துச் சரியுமா என்று கணிப்பது. 2015 டிசம்பர் 19 அன்று ஊருக்கு மேலேயுள்ள மலையிலிருந்து பனி சரிந்து வீடுகளை இழுத்துச் சென்றது. இரண்டு பேர் இறந்தார்கள். அதனால் அந்தப் பாடத்தை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. கரடிக் காவலும் அப்படித்தான். முகாமில் எல்லோரும் தூங்கும்போது ஒருவர் மாறி ஒருவர் வெளியே நிற்போம், தோளில் துப்பாக்கி, கையில் வெளிச்சக்குண்டுப் பிஸ்டல். கரடி வந்தால் சுடுவதற்காக அல்ல, தூரத்திலேயே கண்டு நாங்கள் விலகிப் போவதற்காக. 1973 முதல் அங்கே கரடிக்குப் பாதுகாப்பு உண்டு. 2025லிருந்து சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது: 300 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். கரடியைப் பக்கத்தில் காட்டவில்லையே என்று குறைப்படும் விருந்தினர்கள் இருக்கிறார்கள். நாம் தூரத்தில் நின்று பார்க்கும் கரடிதான் தன் பாட்டில் நடந்து போகும் கரடி. அதைத்தான் பார்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, செடிக்கு வருகிறேன்.

ஈஸ்ஃபியோர்ட் கடல்வாயின் முகப்பில் ஆல்க்ஹோர்னெட் என்று ஒரு செங்குத்து மலை. கோடையில் அதன் விளிம்பெல்லாம் கடற்பறவைகள். கில்லமோட், கிட்டிவேக் என்று ஆயிரக்கணக்கில். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றால் குரலை உயர்த்தவேண்டும். கில்லமோட் குஞ்சு பறக்கத் தெரியும் முன்பே, மூன்று வார வயதில், மேலேயிருந்து குதிக்கும். தகப்பன் பறவை கூடவே இறங்கிக் கடலுக்குக் கூட்டிப் போகும். தரையில் விழுகிற குஞ்சுக்கு நரி கீழே காத்திருக்கும்.

மலையடிவாரம் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. சுற்றிலும் கல்லும் சரளையும்தான். எங்கள் ஆசிரியர் எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார். முகத்துக்கு நேரே ஒரு செடி. கரண்டி போலக் குவிந்த, தடித்த, பளபளக்கும் இலைகள். நாலு இதழ் வெள்ளைப் பூ, மிளகு அளவு மொட்டு. மண்ணிலிருந்து பறவை எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது. நோர்வே மொழியில் அதன் பெயருக்கு ஸ்கர்வி என்ற நோய்க்கான செடி என்று பொருள்.

17ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு வந்த டச்சுக்காரர்கள் ஸ்வால்பார்ட்டில் ஸ்மீரன்பர்க் என்ற இடத்தில் கொழுப்பு காய்ச்சினார்கள். 1633இல் ஏழு பேர் அங்கே குளிர்காலத்தைக் கழித்து உயிரோடு இருந்தார்கள். அடுத்த குளிர்காலத்துக்கு வேறு ஏழு பேர். அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்கர்வி. ஈறு வீங்கி, பல் ஆடி, இரத்தம் கசிந்து சாவது. வைட்டமின் சி குறைவதால் வருகிறது என்பது நமக்குத் தெரியும். அம்மா சோற்றில் பிழிகிற தேசிக்காய் அந்த நோயைத் தடுக்கும். தேசிக்காய் முளைக்காத அந்த மண்ணில் வைட்டமின் சி இருந்தது இந்த இலையில். பறவை கடலில் மீன் பிடித்து, மலையில் எச்சமிட்டு, அந்த உரத்தில் முளைத்த இலை. அதைத் தின்றவர்கள் பிழைத்தார்கள்.

அதுவரை இயற்கை ஒரு பாடம், வரலாறு இன்னொரு பாடம் என்று இரண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாலை எதை எந்த நோட்டில் எழுதுவது என்று தெரியவில்லை. ஒரே நோட்டாக்கிவிட்டேன்.

இன்று அந்த இலையைப் பறிக்க முடியாது. ஸ்வால்பார்ட்டில் செடிகளைப் பறிப்பது சட்டப்படி தடை. 1946க்கு முந்திய மனிதத் தடயம் எல்லாமே பாதுகாக்கப்பட்டது, துருப்பிடித்த ஆணி உட்பட. வேட்டைக்காரர் குடிசை ஒன்றின் அருகே அப்படி ஓர் ஆணியை நான் கையில் எடுத்துவிட்டேன். கிடந்த அதே குழியில், அதே பக்கம் பார்த்து வைக்கச் சொன்னார் ஆசிரியர். வைத்தேன்.

அங்கே இறந்த அந்த டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்களின் கல்லறைகள் சிலவற்றை 1980இல் அகழ்ந்தார்கள். எலும்புக்கூடுகளின் தலையில் கம்பளித் தொப்பிகள் அப்படியே இருந்தன. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தேன். கோடுபோட்டவை, பழுப்பு, நீலம், ஒன்றுபோல் ஒன்றில்லை. குளிருக்குப் போர்த்திக்கொண்டால் கண் மட்டும்தானே வெளியே தெரியும், தொப்பியை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இப்போது விருந்தினர்களை ஆல்க்ஹோர்னெட்டுக்குக் கூட்டிப்போனால், முதலில் சுற்றிலும் கரடி இல்லை என்று பார்த்துவிட்டு, நானும் அவர்களைக் குப்புறப் படுக்கச் சொல்கிறேன். சிலர் உடுப்பு நாறிவிடும் என்று தயங்குவார்கள். நாறும்தான். படுத்த பிறகு அந்தத் தொப்பிகளைப் பற்றிச் சொல்வேன், அப்புறம் கொஞ்ச நேரம் பறவைகளின் சத்தத்தை மட்டும் கேட்க விடுவேன்.