கத்தி பட்டால் மீசை முளைக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தோல் மருத்துவர். இன்றைக்குப் பேசப்போவது பெண்களின் முகத்தில் இருக்கும் பூனை முடியைப் பற்றியும், அதைச் சின்ன பிளேடால் வழித்தெடுக்கும் டெர்மாபிளேனிங் என்ற முறையைப் பற்றியும். இதென்ன பேச்சு என்று சில ஆண்கள் ரேடியோவை அணைக்கப் போகலாம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் மகள் இருந்தால் இது உங்களுக்கும்தான். மகன் இருந்தால் அவனுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

புதுச்சேரியானாலும் கடலூரானாலும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான். "டாக்டரம்மா, இவ போன்ல பாத்துட்டு மூஞ்சில பிளேடு போட்டுக்குறா. நாளைக்கு மீசை தாடின்னு வளந்துட்டா என்ன பண்றது?" கேள்வியில் இருக்கும் பயம் உண்மையானது. நான் சிரிப்பதில்லை. ஆனால் அதே அம்மா வீட்டுக்குப் போய் மகனிடம், "அடிக்கடி ஷேவ் பண்ணுடா, அப்பதான் மீசை திக்கா வரும்" என்பார். கைக்குழந்தையைத் திருவந்திபுரத்துக்குத் தூக்கிப்போய் மொட்டை போடும்போது பாட்டி, "இனி முடி கருகருன்னு வளரும் பாரு" என்பார். வேண்டுதல் வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்பது உண்மையாக இருந்தால், வருடா வருடம் புரட்டாசியில் அங்கே மொட்டை போடுகிற மாமாக்கள் ஒருவருக்கும் வழுக்கை விழுந்திருக்கக் கூடாது. விழுகிறதே!

முடியின் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்ப்பையில் இருக்கிறது. வெளியே தெரிவது உயிரில்லாத இழை. அதனால்தான் முடி வெட்டினால் வலிப்பதில்லை. மேலே பிளேடு ஓடியது கீழே இருக்கும் வேருக்குத் தெரியவே தெரியாது. முடி எவ்வளவு தடிமனாக, எவ்வளவு கருப்பாக, எவ்வளவு நீளமாக வளர வேண்டும் என்பதை மரபும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1928இல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், ஷேவ் செய்துகொள்ளும் ஆண்களின் முடியை அளந்து பார்த்தார். தடிமனிலும் வேகத்திலும் மாற்றமில்லை. 1970இல் இன்னொரு ஆய்வில், இளைஞர்கள் ஐந்து பேர் ஒரு காலை மட்டும் வாராவாரம் மாதக்கணக்கில் மழித்தார்கள், இன்னொரு காலைத் தொடவில்லை. கடைசியில் இரண்டு கால் முடியும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

அப்புறம் ஏன் மழித்த இடம் சொரசொரவென்று இருக்கிறது? வெட்டாத முடியின் நுனி கூராக, மெலிந்து இருக்கும். நடுவில் வெட்டியதும் அந்த நுனி போய், மொட்டையான அடித்தண்டு மட்டும் நிற்கிறது. நெல் அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், தாள் குத்தும். பயிராக நின்றபோது அதே நெல் காலைத் தடவிக்கொண்டுதான் நின்றது. தவிர, பழைய முடி வெயில் பட்டு வெளுத்திருக்கும், புதிதாக வருவது நிறம் மங்காமல் வரும். கண்ணுக்குக் கூடுதல் கருப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

சரி, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு நிஜமாவே வளந்துச்சே" என்று யாராவது சொன்னால் அதையும் நான் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். பெண் பிள்ளைகள் முதன்முதலில் பிளேடு எடுப்பது எந்த வயதில்? 14, 15, 16இல். ஹார்மோன்கள் வேலையைத் தொடங்கி, மேலுதட்டிலும் தாடையிலும் பூனை முடியைத் தடித்த முடியாக மாற்றுவதும் அதே வயதில்தான். பிளேடே எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த முடி வந்திருக்கும். பையனுக்கும் இதே கதை. 17 வயதில் மீசை வந்ததற்கு வயதுதான் காரணம், ரேசருக்கு அதில் பங்கில்லை. கைக்குழந்தையின் பிறப்பு முடியும் மொட்டை போட்டாலும் போடாவிட்டாலும் தானாக உதிர்ந்து, தடித்த முடி வரத்தான் செய்யும்.

இனி டெர்மாபிளேனிங் செய்வது எப்படி என்று பார்ப்போம். முகத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுவை சிகிச்சைக் கத்தியை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வைத்து, சின்னச் சின்ன வீச்சாக வழிப்பார்கள். பூனை முடியோடு மேல்தோலின் இறந்த செல்களும் வந்துவிடும். இமைகளிலும் மூக்கின் மேலும் செய்வதில்லை. வலி கிடையாது, மயக்க மருந்து வேண்டாம், ரசாயனமும் இல்லை. அதனால் கர்ப்பிணிகளும் பயப்பட வேண்டியதில்லை. முகம் வழுவழுப்பாகும், பவுடரும் மேக்கப்பும் திட்டுத்திட்டாக நிற்காமல் சீராக உட்காரும், தடவுகிற கிரீம் நன்றாக இறங்கும். இறந்த செல்கள் போனதால் சில நாள் ஒரு பளபளப்பு இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முடி திரும்ப வந்துவிடும், ஏனென்றால் வேரை யாரும் தொடவில்லை.

பலன் இவ்வளவுதான். பருத் தழும்பு போகாது, சுருக்கம் போகாது, மங்கு போகாது, தோல் துவாரம் சின்னதாகாது. தோல் நிறமும் மாறாது. இதையெல்லாம் சேர்த்து பேக்கேஜ் என்று விலை சொல்லும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், என் தொழில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வெறும் பூனை முடியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால், கடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு விளிம்பு வைத்த முக ரேசரே பெரும்பாலானவர்களுக்குப் போதும். கற்றாழை ஜெல் கொஞ்சம் தடவி, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுத்தால் சரி. ஆனால் அந்த ரேசர் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும். அக்கா தங்கை என்றாலும் பங்கு கிடையாது. குளியலறை ஈரத்தில் துருப்பிடித்துக் கிடப்பதையும் எடுக்காதீர்கள்.

பார்லரில் செய்துகொள்கிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆண்கள் சலூனில் ஆளுக்கொரு பிளேடு, அதுவும் புது பிளேடைப் பாதியாக உடைத்துப் போடுவது பழக்கமாகிவிட்டது. எச்.ஐ.வி. பயம் வந்த பிறகு, "புது பிளேடு போடுப்பா" என்று அவர்கள் கூச்சமில்லாமல் கேட்கப் பழகிவிட்டார்கள். நம் பெண்கள் கேட்பதில்லை. தெரிந்த அக்கா, எப்படிக் கேட்பது என்று தயங்குகிறார்கள். ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி, காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும் அதற்கு. உறை பிரிக்காத பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அக்கா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

யாருக்குப் பிளேடே கூடாது? சீழ் வைத்த பரு நிறைய இருக்கும் முகத்துக்குக் கூடாது. உதட்டோரம் அக்கி போலக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்கள், கரப்பான் உள்ளவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டும். வெட்டுக்காயம் ஆறும்போது தழும்பு மேடாக வளர்கிற உடம்புக்காரர்களும் வேண்டாம். முகத்தில் தட்டையான சின்ன மருக்கள் இருந்தால் கட்டாயம் கூடாது. அவை வைரஸால் வருபவை. பிளேடு ஓடிய கோட்டிலேயே வரிசையாக முளைத்து நிற்கும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். மச்சத்தில் பிளேடு பட்டால் புற்றுநோய் வரும் என்பார்கள். வராது. ரத்தம் வரும், ஆகவே அதைச் சுற்றிப் போங்கள்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். பிளேடுக்குப் பயந்த பெண்கள் வேறெதற்கும் பயப்படுவதில்லை. மெடிக்கலில் போய், "முகம் வெள்ளையாக ஒரு கிரீம் கொடுங்க" என்று வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். பல டியூப்களில் இருப்பது மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டுக்காரர்கூட விசாரிப்பார். பிறகு தோல் மெலியும், வெயிலில் போனால் எரியும், சிவக்கும், பரு வெடிக்கும். இதோடு நிற்காது. அந்த முகத்தில் முடியும் வளரும். ஆமாம், பிளேடு செய்யாத வேலையை இந்த கிரீம் செய்கிறது. நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே தடவுவார்கள். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கிடைக்கிறதா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெலிந்து போன அந்தத் தோலில் பிளேடு வைத்தால் புண்தான் மிஞ்சும். முதலில் கிரீமை விட வேண்டும், அதையும் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாக.

மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் எனக்கும் பிடித்த வாசனைதான். ஆனால் பூசிப் பூசி முடியின் வேர் செத்துவிடும் என்பது நடக்காது. அழுத்தித் தேய்ப்பதில் கொஞ்சம் முடி உடையும், மிச்சம் மஞ்சள் நிறத்தில் மறையும். பிளேடு வைத்த அன்றைக்கு மட்டும் மஞ்சள், எலுமிச்சை, ஸ்கிரப், பிளீச் எதுவும் வேண்டாம், பயங்கரமாக எரியும். ராத்திரியில் செய்யுங்கள், மாய்ஸ்சரைசர் தடவுங்கள், மறுநாள் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதீர்கள். நம் கடற்கரை வெயில் வேறு மாதிரி. காலையில் முகம் வழித்துக்கொண்டு மத்தியானம் வெள்ளிக் கடற்கரையில் நின்றால் கன்னத்தில் கருமை படரும். கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாலைந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

லேசர் செய்யலாமா என்றால், தடித்த கருப்பு முடிக்குத்தான் அது பயன்படும். லேசர் தேடிப்போவது முடியின் கருமையை. பூனை முடியில் அது இல்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கன்னத்துப் பூனை முடியில் லேசர் அடித்து, அது தூண்டப்பட்டுத் தடித்து வளர்ந்ததும் உண்டு. பணமும் கொடுத்து முடியும் வாங்கிய கதை.

எல்லா முடியும் பூனை முடி இல்லை. தாடையில், கழுத்தில், மார்பில், தொப்புளுக்குக் கீழே தடித்த கருப்பு முடி வருகிறது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, எடை ஏறுகிறது, பரு அடங்கவில்லை, கழுத்தின் பின்புறம் அழுக்குப் போலக் கருத்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். கழுத்துக் கருமையை நார் போட்டுத் தேய்த்துப் பிள்ளைகளை அழவைக்கும் அம்மாக்களே, அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு காட்டும் அடையாளம். ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பார்த்து மருந்து தொடங்கினால், புதிதாக வரும் முடி மெலிந்து தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை பிளேடு எடுத்தாலும் குற்றமில்லை. மாதவிலக்கு நின்ற வயதில் தாடையில் நாலு முடி வருவது சகஜம். ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே திடுதிப்பென்று முடி பெருகி, குரலும் கட்டையானால், பார்லர் பக்கம் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். சினைப்பையிலோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பூனை முடியை எடுத்தே ஆக வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டியதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு தவிர எல்லார் உடம்பிலும் அது இருக்கிறது. எடுப்பதால் கெடுதலுமில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று பயந்து எடுப்பதும், எடுத்ததற்காக வீட்டில் திட்டு வாங்குவதும்தான் எனக்குப் பிடிக்காத பகுதி.

சந்தேகம் இருப்பவர்கள் கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவுக்கோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் தோல் மருத்துவரிடமோ போகலாம். போகும்போது முகத்தில் தடவுகிற எல்லா டியூபையும், தீர்ந்துபோன டியூபாக இருந்தாலும், பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகத்தை வழிக்காமல் போனால் எந்த முடி எப்படி வளர்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.